நாலாவது வண்டு

மதுரையில் ஒருவனை ‘மாப்ள’ என்று கூப்பிட அவனுக்குப் பெண் கொடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன் மாப்ள. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறவனும் மாப்ள. அதனால் மொக்கைச்சாமியை ஊரே மாப்ள என்று கூப்பிட்டதில் யாருக்கும் நட்டமில்லை. “ஊருக்கெல்லாம் மாப்ள, ஒரு வீட்டுக்கும் மாப்பிள்ளை இல்ல” என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அப்போது அவனுக்கு வயது நாற்பத்திரண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பிழைப்பே மாப்பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான். தெற்குவாசலில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற பீமாராவிடம் சாரட்டு, குதிரை, விளக்குக் குடை எல்லாம் உண்டு. கூடவே நூறு வயதைத் தொட்ட ஓர் அமெரிக்கக் காரும் உண்டு. மேலே கூரை கிடையாது, சக்கரங்களுக்கு மர ஆரக்கால், முகப்பில் பித்தளை விளக்கு. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வருகிறது என்றால் பெண் வீட்டார் மண்டப வாசலில் இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாகத் தெளிப்பார்கள்.

அந்தக் காரை மதுரையில் ஓட்டத் தெரிந்தவன் மொக்கைச்சாமி ஒருவன்தான். அதற்கு மூன்று பெடல் இருக்கிறது. மூன்றில் எதுவும் இன்றைய கார்க்காரன் நினைக்கிற வேலையைச் செய்யாது. நடுப் பெடலை மிதித்தால் வண்டி பின்னால் போகும். ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சின்னக் குச்சி. இஞ்சினுக்குள் பொறி விழுகிற நேரத்தை முந்தவிடுவதும் பிந்தவிடுவதும் அந்தக் குச்சிதான். முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் பொறியைப் பிந்தவிட வேண்டும். மறந்துவிட்டால் கைப்பிடி எதிர்த்துச் சுற்றி மணிக்கட்டை ஒடித்துவிடும். கிளம்பிய பிறகு பொறியை முந்தவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி இழுக்காது. மொக்கைச்சாமியின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். முதல் வருஷத்துப் பாடம் அது.

“முந்துனா கைய ஒடிக்கும், பிந்துனா இழுக்காது” என்பது அவன் அடிக்கடி சொல்கிற வேதம். வண்டி விஷயத்தில் அதைச் சரியாகக் கடைப்பிடித்தவன், வாழ்க்கையில் இரண்டு பக்கமும் கோட்டை விட்டான். அலங்காநல்லூர்ப் பக்கம் ஊர். அப்பா கூலிக்குக் களை வெட்டி, பிறகு சொந்தமாக அரைக் காணி வாங்கியவர். இருபத்தாறு வயதில் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண் இன்னும் வெளியே வரவில்லை, பஜ்ஜி கூட வரவில்லை, “எனக்குப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டான். அவசரக் குடுக்கை என்று அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த அடி வாங்கிய பிறகு எதையும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது. தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தான், தம்பிக்கு வீடு கட்டிக் கொடுத்தான். தரகர்கள் கொண்டுவந்த ஜாதகங்களுக்கு “பாப்போம்” என்றே பதில் சொல்லிப் பதினாறு வருஷத்தைத் தள்ளிவிட்டான். போதாக்குறைக்கு, படித்த பெண்கள் அவன் பேரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குலசாமி பேரை என்ன செய்ய முடியும்?

இப்போது வண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை நகராது. அந்தக் காரில் பொறி கொடுக்கிற காயில் ஒன்றல்ல, நான்கு. இஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு காயில். பெட்டியின் தலையில் ஒரு மெல்லிய தகடு; கரண்டு வந்ததும் அது துடித்துத் துடித்து, கரண்டைச் சேர்த்தும் பிரித்தும் பொறியைக் கிளப்பும். அப்போது ர்ர்ர் என்று பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்தது போல ஒரு சத்தம் வரும். அதனால் மொக்கைச்சாமிக்கு அவை நாலு வண்டு. ஒரு வண்டு ஓய்ந்தாலும் கார் நொண்டும்.

பழைய வண்டுகள் அடிக்கடி ஓய்ந்தன. ஓய்கிற போதெல்லாம் பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பழங்காநத்தத்தில் வெள்ளைத்துரையின் காயில் கட்டுகிற கடைக்குப் போவான். செக்கானூரணி, செல்லம்பட்டி பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் எரிந்து போனால் அங்கேதான் வந்து படுக்கும். முன்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிரிக்கிறவன் வெள்ளைத்துரை. உள்ளே மேஜையில் உட்கார்ந்து கம்பி சுற்றுகிறவள் அவன் தங்கச்சி பாண்டீஸ்வரி. முப்பத்தெட்டு வயது. இருபத்து மூன்றில் அவசர அவசரமாக ஓரிடத்தில் கட்டிக் கொடுத்து, அங்கே ஒட்டாமல், இரண்டே வருஷத்தில் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். வந்த மறுநாளே கம்பியைத் தொட்டவள், அதற்குப் பிறகு வேறு எதையும் தேடவில்லை.

மொக்கைச்சாமி கடைக்குள் நுழைந்தால் வெள்ளைத்துரை “வா மாப்ள” என்பான். உள்ளேயிருந்து பாண்டீஸ்வரி “வாங்கண்ணே” என்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் பெட்டியைக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் மண்டையில் அது உறைத்தது. அண்ணன் மாப்ள என்கிறான், தங்கச்சி அண்ணே என்கிறாள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இரண்டில் ஒன்று பொய். எது பொய்யாக இருக்க வேண்டும் என்று யோசித்தபோது அவனுக்கு டீ புரையேறிவிட்டது. அன்றிலிருந்து மொக்கைச்சாமிக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பாண்டீஸ்வரி அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும்.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஒருமுறை முந்தி ஒடித்துக்கொண்டவன் ஆயிற்றே. பெட்டியைக் கொண்டுபோவதும் வாங்கி வருவதுமாகவே காலத்தை ஓட்டினான்.

வைகாசியில் திருப்பரங்குன்றத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. நல்ல முகூர்த்தம், ஒரே தெருவில் மூன்று ஊர்வலம். முன்னால் தவிலும் நாதஸ்வரமும், அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆட்டம். பத்தடிக்கு ஒருதரம் நின்று வேட்டு. வெயில் சாய்ந்தும் தார் ரோடு அடுப்பாகக் கொதித்தது. சன்னதித் தெருவில் திரும்பும்போது முதலில் ஒரு வண்டு ஓய்ந்தது, பின்னாலேயே இன்னொன்று. பெட்டிக்குள் ஊற்றியிருந்த தார் மூட்டிலிருந்து கருப்பாக உருகி வழிந்து மாப்பிள்ளைத் தோழனின் பட்டு வேட்டியில் சொட்டியது. கடைசியில் ஆடிக்கொண்டிருந்த கூட்டாளிகளே காரைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். “மாப்பிள்ளையே தள்ளு வண்டியா?” என்று பெண்ணின் அத்தை ஒருத்தி கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

பீமாராவ் மறுநாள் சுருக்கமாகச் சொன்னான்.

“மொக்கை, இனி ஒரு தடவ நின்னுச்சுன்னா இஞ்சின எறக்கிட்டு பேட்டரி மோட்டார் மாட்டிருவேன். ஆட்டோக்கே மாட்டுறான், இதுக்கு மாட்டுனா என்ன?”

மொக்கைச்சாமிக்குக் காரை நினைத்து வருத்தம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. பேட்டரி மோட்டாருக்கு ஏது வண்டு? வண்டு இல்லாவிட்டால் பழங்காநத்தத்தில் அவனுக்கு என்ன சோலி?

இந்த முறை நான்கு பெட்டிகளையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். பாண்டீஸ்வரி ஒன்றைத் திறந்து, உருகிக் கட்டியாகிப் போயிருந்த தாரைச் சுரண்டினாள். உள்ளே இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று, அதன்மேல் தடித்த மொத்தக் கம்பியில் சில அடுக்கு, அதற்கும் மேல் மயிர் போன்ற மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. மெல்லிய கம்பியின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெழுகு தோய்த்த தாள், அதுவும் கருகியிருந்தது.

“நீங்க இந்த மேல இருக்குற திருகாணிய முறுக்குனீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

முறுக்கியிருந்தான். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் முன்னால் அதை முறுக்கி, பொறி ஒரு விரக்கடை தூரம் தாண்டுகிறதா என்று பார்த்து, கூடியிருக்கிற சிறுவர்களுக்கும் காட்டிவிட்டுத்தான் கிளம்புவான். நீலமாகச் சடசடவென்று பொறி தாவும்போது அவன் மீசை தானாக ஏறும்.

“முறுக்க முறுக்கக் கரண்ட உறிஞ்சும். பாக்குறதுக்குப் பொறி பெருசாத்தான் இருக்கும், உள்ள வெந்துரும்” என்றாள். பிறகு கம்பியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “எம்புட்டு வேகத்துல போவீங்க?”

“அறுவது போகும்.”

“போகுமான்னு கேக்கலண்ணே. நீங்க போவீங்களான்னு கேக்குறேன்.”

மொக்கைச்சாமி யோசித்தான். பிள்ளையார் கோவிலில் ஏற்றி மண்டபத்தில் இறக்குவதுதான் வேலை. “நடக்குற வேகந்தான்” என்று ஒப்புக்கொண்டான். “சில சமயம் அதுவும் கெடையாது.”

“பெறகு எதுக்கு இம்புட்டு மொத்தக் கம்பி? இத ஓட்டத்துக்குன்னு கட்டியிருக்கான். மொத்தமான கம்பி, சுத்து கம்மி. வெரசாக் கரண்ட இழுத்துக்கிட்டு வெரசாப் பொறி விடும். பறக்குற வண்டிக்கு அது சரி, எதுத்தாப்புல காத்து வரும், சூடு போயிரும். ஒங்களுக்கு வேகமும் இல்ல, காத்தும் இல்ல. நின்ன எடத்துல நின்னு வேகுது.”

“அப்ப என்ன செய்யலாம்?”

“கம்பிய எளைச்சு, சுத்தக் கூட்டிக் கட்டலாம். கரண்டு கம்மியா எடுக்கும், சூடாகாது. ஆனா பொறி நிதானமாத்தான் வரும். வேகமாப் போனா திணறும், நாப்பதத் தாண்டாது. ரெண்டும் வேணும்னா நடக்காது. சம்மதமா?”

அறுபது போகிற வண்டியை நாற்பதில் நிறுத்துவது என்றால் ஓட்டுகிறவனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஒருநாளும் அறுபதில் போனதில்லை என்றாலும் போகும் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்து இருந்ததே. கடைசி முயற்சியாக, “பொறியவாச்சும் பெருசா வைக்க முடியாதா? மெல்லிசுக் கம்பியில இன்னும் கொஞ்சம் சுத்து போட்டா?” என்றான்.

“பெட்டி ஒண்ணுதானண்ணே. கம்பியக் கூட்டுனா தாளக் கொறைக்கணும். தாளக் கொறைச்சா உள்ளுக்குள்ளயே பொறி தாண்டி ஓட்டையாயிரும். வெளிய தாண்டுறதுக்கா, உள்ள தாண்டுறதுக்கா?”

வெள்ளைத்துரை முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “மாப்ள, அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. சம்மதம்னு சொல்லிட்டுப் போ.”

சம்மதம் என்றான்.

அவள் ஆனி மாதம் முழுக்க அதில் உட்கார்ந்தாள். கிணற்று மோட்டார் வேலையை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் ஒரு பெட்டி, அது சரியாக வந்த பிறகு அடுத்தது. முதலில் கட்டியது நிதானம் கூடிப்போய், இஞ்சின் கிளம்பவே மறுத்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். தார் மதுரை வெயிலுக்கு ஆகாது, கெட்டித் தாராகப் போட்டாலோ வண்டி ஆடுகிற ஆட்டத்தில் விரிசல் விடுகிறது என்று அதையும் மாற்றினாள். கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கிவரச் சொன்னாள். தேன்மெழுகோடு அதைக் காய்ச்சி, கூட்டியும் குறைத்தும் கிண்ணங்களில் ஊற்றி, தகரக் கூரைமேல் வெயிலில் வைத்துப் பார்த்தாள். குங்கிலியம் கூடினால் நொறுங்கியது, மெழுகு கூடினால் ஒழுகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிண்ணம் நின்றது. மொக்கைச்சாமி தினமும் ஏதாவது ஒரு சாக்கில் வந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவனுடைய வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஆனி மாதம் வந்ததில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் ஊர்வலங்கள் வரிசையாக வந்தன. புது வண்டுகள் நான்கும் ஒரே சுருதியில் பாடின. இரண்டு மணி நேரம் நின்று நின்று போனாலும் பெட்டி வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. நன்றாக வெதுவெதுத்த பிறகு மட்டும் லேசாகக் குங்கிலிய வாசனை வந்தது. கோவிலில் போடுகிற புகை என்று நினைத்துச் சில பெரியவர்கள் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பீமாராவ் பேட்டரிப் பேச்சை எடுக்கவேயில்லை.

ஆவணி போனது, புரட்டாசி போனது, ஐப்பசியில் பாதியும் போனது. ஒரு வண்டு ஓய வேண்டுமே! அடைமழையில் நனைந்தும் ஓயவில்லை. எல்லாரும் மெச்சிய காரை மொக்கைச்சாமி மட்டும் முறைத்துப் பார்த்தான். நன்றாகக் கட்டிவிட்டாள், பாவி மகள், இனி ஆயுசுக்கும் கெடாது. அவளைப் பார்த்தும் மாதக் கணக்காகிவிட்டது. கெட்டுப்போகாத காயிலைத் தூக்கிக்கொண்டு போய் என்ன சொல்வது?

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள், அதற்கும் முன்னால் கையை அரிக்கும். ஒரு மத்தியானம் ஷெட்டில் யாரும் இல்லாதபோது நாலாவது வண்டின் பலகையைக் கழற்றினான். திருப்புளியைச் சூடு பண்ணி மெழுகை ஒதுக்கி, உள்ளே தெரிந்த ஒரு கம்பியைக் குறட்டால் நறுக்கென்று வெட்டினான். மெழுகை மறுபடி பூசி மூடினான். தாலி கட்டுவதற்கு வழி தேடினவன், அவள் கட்டியதை வெட்டி வைத்தான். புத்தி அப்படித்தான் போனது.

“வா மாப்ள, எங்க ஆளையே காணோம்?” என்றான் வெள்ளைத்துரை.

“வாங்கண்ணே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது போலத்தான் அவனுக்குத் தோன்றியது. பெட்டியைப் பார்த்ததும் அது மறைந்துவிட்டது. “எரிஞ்சிருச்சா? நான் கட்டுனதா?” என்று வாங்கி, கிட்டத்தட்ட ஓடிப்போய் மேஜையில் உட்கார்ந்தாள்.

திறந்தாள். மெழுகை ஒதுக்கினாள். கம்பியின் முனையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எரிஞ்சா மொன கருத்து உருண்டு போயிருக்கும். இது பளபளன்னு இருக்கு. இது வெட்டுனது.”

“எலி கடிச்சிருக்கும்” என்றான் மொக்கைச்சாமி. சொன்ன பிறகுதான் அவனுக்கே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

“மெழுக ஒதுக்கிட்டு, கொறடு வச்சு ஒத்தக் கம்பிய வெட்டிட்டு, திரும்ப மெழுகு பூசிட்டுப் போற எலியா? எந்தூரு எலிய்யா அது?” அவள் எழுந்துவிட்டாள். “ஒரு கம்பி அறுகாம, ஒரு தாளு சுருங்காம, மாசம் பூரா ஒக்காந்து கட்டுனேன்யா. இது ஒரு நாளும் எங்கிட்டத் திரும்பி வரக்கூடாதுன்னு கட்டுனேன். நீ வெட்டிக் கொண்டாந்து எலிங்கிற. யாருகிட்ட வெளையாடுற? கட்ட மாட்டேன். போய்யா!”

கண்ணில் தண்ணீர் நின்றது. வெள்ளைத்துரை கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். “என்ன மாப்ள, என்ன ஆச்சு?” மொக்கைச்சாமி பெட்டியைக் கூட எடுக்காமல் வெளியே வந்து பைக்கை உதைத்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நல்ல கைவேலையை அறுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு போனான். பழங்காநத்தம் ரவுண்டானாவில் சிக்னலுக்கு நின்றபோது அவள் திட்டியதை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். எந்தூரு எலிய்யா. கட்டுனேன்யா. போய்யா. மறுபடி ஓட்டிப் பார்த்தான். அவ்வளவு நீளத் திட்டில் ஓர் அண்ணே கூட இல்லை.

பச்சை விழுந்ததையும் பின்னால் ஹாரன் அடித்ததையும் அவன் கவனிக்கவில்லை. “மாப்ள, தூங்கிட்டியா?” என்று ஆட்டோக்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

ஆனால் அதை நம்பி உட்காரவும் முடியவில்லை. கோபத்தில் மரியாதை போவது உலக வழக்கம்தானே. அடுத்த வாரம் அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஊர்வலம், மூன்று வண்டோடு போனான். கார் நொண்டிக்கொண்டு, ஆளையும் மாலையையும் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது. “என்னண்ணே, இந்த ஆட்டம் ஆடுது?” என்று பயந்து கேட்டார் மாப்பிள்ளை. “சந்தோசத்துல ஆடுது மாப்ள” என்றான் மொக்கைச்சாமி. எப்படியோ நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். சேர்த்துவிட்டு இஞ்சினை நிறுத்தியபோது அவன் கை அந்தச் சின்னக் குச்சிமேல் இருந்தது. முந்தினால் ஒடிக்கும் என்பதை மட்டும்தான் பதினாறு வருஷமாக நினைவு வைத்திருந்தான். பிந்தினால் இழுக்காது என்பதும் அதே வேதத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை பழங்காநத்தத்துக்குப் போனான். வெள்ளைத்துரை ஏதோ கிணற்றுக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தான். பாண்டீஸ்வரி நிமிர்ந்து அவன் கைகளைப் பார்த்தாள். துண்டு இல்லை, பெட்டி இல்லை.

“காயில் எங்க?”

“காயில் இல்ல.”

“பெறகு?”

“நான்தான் வந்திருக்கேன்.”

அவள் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“வெட்டுனது யாரு?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“அது கெட்டுப் போகவே மாட்டேங்குது. கெட்டாத்தான நான் இங்க வர முடியும்.”

பாண்டீஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டு உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். “வரணும்னு இருந்தா வர வேண்டியதுதான? அதுக்கு எதுக்குய்யா நல்ல காயில வெட்டுன?”

“இனிமே அண்ணேன்னு கூப்புடாத” என்றான். இத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்தது அப்படிச் சப்பென்று வெளியே விழுந்தது.

“அத விட்டு ஒரு வாரம் ஆச்சு. ஒனக்குத்தான் காது கேக்கல.”

“கேட்டுச்சு. போற வழியில சிக்னல்ல நின்னேன், அப்பவே கேட்டுச்சு.”

அவள் மேஜைக்குக் கீழே குனிந்து நாலாவது வண்டை எடுத்து வைத்தாள். கட்டமாட்டேன் என்றவள் கட்டி முடித்து, மெழுகு ஊற்றி, மேலே துணி போட்டு வைத்திருந்தாள். அதை அவன் பக்கம் தள்ளாமல் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“இங்க பாரு. என்னைய ஒரு தடவ வெரசாக் கட்டிக் குடுத்தாங்க, வெரசா எரிஞ்சு வந்தேன். இனி எனக்கு எல்லாம் நிதானமாத்தான் வரும். வேகமா வரலன்னு பெறகு திருகாணிய முறுக்கக் கூடாது. சம்மதமா?”

“எனக்குத் தெரிஞ்சதே நடக்குற வேகந்தான்” என்றான் மொக்கைச்சாமி. “சம்மதம்.”

வெள்ளைத்துரைக்கு விஷயத்தைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. கேட்டுவிட்டு அவன் சுத்தியலோடு எழுந்து வந்தான். “நான் எத்தன வருசமாக் கூப்புட்டுக்கிட்டு இருக்கேன், ஒனக்கு இப்பத்தான் வர வழி தெரிஞ்சுச்சா?” என்றான்.

நிதானமாக என்றால் நிதானம்தான். கார்த்திகையில் இரண்டு வீடும் பேசி, தையில் திருப்பரங்குன்றத்தில் நாள் வைத்தார்கள். பீமாராவ் காரைத் தன் கையாலேயே துடைத்து, பூ சுற்றி அனுப்பினான். ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது: மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் பட்டு வேட்டி, தலையில் உருமா, கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளையே இறங்கிப் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். பொறியைப் பிந்தவிட்டுத்தான் சுற்றினான், கை பத்திரம். மாப்பிள்ளையே கார் ஓட்டி வந்த அழைப்பைத் திருப்பரங்குன்றம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தவில்காரரில் இருந்து வேட்டுப் போடுகிறவன் வரைக்கும் அவனுக்குப் பல வருஷப் பழக்கம். “மாப்ள! மாப்ள!” என்று கத்திக்கொண்டே ஆடினார்கள். சன்னதித் தெரு முழுக்க நடக்கிற வேகம்தான். நான்கு வண்டும் ஒரே சுருதியில் பாடின. மண்டபத்தை நெருங்கும்போது குங்கிலியம் லேசாக மணக்க ஆரம்பித்தது.

மண்டப வாசலில் காரை நிறுத்தியதும் இஞ்சின் தானாகவே முக்கி அணைந்தது. மாலையோடு படியிறங்கி வந்தான் வெள்ளைத்துரை. இத்தனை வருஷம் ‘வா மாப்ள’ என்று சொல்லிப் பழகிய வாய், ‘வா’ என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டது. பிறகு இரண்டு கையையும் கூப்பினான்.

“வாங்க மாப்பிள்ளை” என்றான்.

மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேரை இந்தப் படியில் இறக்கிவிட்டு, இந்த வார்த்தையை முதுகுப் பக்கமாகக் கேட்டுக்கொண்டு காரைத் திருப்பியவன் அவன். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இஞ்சின் நின்றும் ஒரு வண்டு மட்டும் ர்ர்ர் என்று துடித்துக்கொண்டே இருந்தது. கரண்டை நிறுத்துகிற சாவியைத் திருப்ப மறந்துவிட்டான். மண்டபத்துக்குள் மணப்பெண் அறையின் ஜன்னல் படாரென்று திறந்தது.

“யோவ்! நாலாவது ஓடுது பாரு! அமத்துய்யா, சூடேறிரும்!”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து சாவியைத் திருப்பிவிட்டு இறங்கினான்.